ஒலி என்னிடம் இருக்கிறது

மார்ச் 4

அக்கா,

மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. எடுக்காததும் நல்லதுதான் என்கிறார் வக்கீல். "போன்ல எதையும் பேசாதீங்கம்மா, பேசினதெல்லாம் எங்கயாவது போய் உக்காந்துக்கும்" என்றார். அதனால் கல்லூரிப் பெண் மாதிரிக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

வாலு வீட்டில்தான் இருக்கிறான். கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான். கூப்பிட்டால் வருகிறான், தட்டை வைத்தால் சாப்பிடுகிறான், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தெரியாது. அந்தச் சுருட்டைமுடிப் பெண் இறந்து இன்றைக்கு இருபது நாள். "கூட ஆடினவம்மா" என்பதற்கு மேல் அவளைப் பற்றி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. போலீஸ் ஒரு தடவை விசாரித்தது. அன்றைக்கு ஆடிய எல்லோரையும் விசாரித்தார்களாம்.

இந்தப் படத்துக்கு அவனைக் கூப்பிட்டவள் நீ. "நூறு பேர் ஆடற கூட்டத்துல அவனும் ஒருத்தன், பத்து நாள் வேலை, படிப்பு கெடாது" என்றாய். போதை, கும்பல் ஆட்டம், இளசுகள் சீரழிவது என்று கதையைச் சொன்னாய். "கெட்டுப்போகாதீங்கன்னு சொல்ற படம்தானே?" என்று கேட்டேன். "கடைசி பத்து நிமிஷத்துல சொல்லும்" என்றாய். அப்போது சிரித்தேன். பெரியம்மா எடிட் பண்ணுகிற படம் என்று அவன் துள்ளிக்கொண்டு போனான்.

உங்கள் படக் காட்சிகளுக்கு வேண்டிய போலிச் சாமான்களைச் செய்து கொடுக்கிற ஆளை, கோந்து அண்ணன் என்று வாலு சொல்வானே, அவரைப் போன வாரம் பிடித்துவிட்டார்கள். அந்தப் பெண் முழுங்கிய, அவர் சீனியில் செய்த போலி மாத்திரையில் ஏதோ கலந்துவிட்டதாம். பேப்பரை வாலுவிடம் காட்டி, "முடிஞ்சுதுடா, இனிமே உன்னைக் கூப்பிட மாட்டாங்க" என்றேன். எழுந்துபோய் வாந்தி எடுத்தான்.

மருந்துக்கடை வைத்துப் பிழைக்கிறவள் நான். எது எதைச் செய்யும் என்று எனக்குத் தெரியும். சீனியில் தவறிக் கலக்கிற பொருளால் ஒரு பெண் மூன்று நாளில் மூச்சு நின்று சாவதில்லை.

நீ அந்தப் படத்தை ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் பார்க்கிறவள். எதையாவது பார்த்தாயா அக்கா?

சின்னவள்


மார்ச் 11

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. என் தொழிலில் கிழிக்கிற பழக்கம் கிடையாது. வேண்டாம் என்று வெட்டி எடுத்ததையும் பெயர் எழுதி வைப்போம்.

பார்த்தாயா என்று கேட்டிருக்கிறாய். பார்க்கவில்லை, கேட்டேன்.

உனக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன். படம் பிடித்த இடம் ஒரு பழைய கிடங்கு. பகல் வாடகைக்கு எடுத்தார்கள். சன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டி, வண்ண விளக்குப் போட்டு, காலை பதினோரு மணியை நடுநிசி ஆக்கினார்கள். காற்றே வராது. நூறு பேர் ஆட வேண்டும். ஆனால் பாட்டு ஓடினால் நடிகர்கள் பேசுவது பதிவாகாது. அதனால் பத்து வினாடி பாட்டைப் போட்டுத் தாளத்தைப் பிடிக்க வைத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். மிச்ச நேரமெல்லாம் பாட்டில்லாமலே ஆட வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நூறு பேர் வெறிபிடித்த மாதிரி ஆடுவார்கள், கேட்பது காலணிச் சத்தமும் மூச்சிரைப்பும்தான். பாட்டைப் பிறகு நான் சேர்ப்பேன்.

படம் ஒரு கருவியில் பதிவாகிறது, ஒலி வேறொரு கருவியில். இரண்டையும் என் மேசையில்தான் பொருத்துவோம். போலீஸ் வந்து படம் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு போனது. ஒலியை யாரும் கேட்கவில்லை. அப்படி ஒன்று தனியாக இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பதிவு செய்தவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அவர் அதை மறுபடி கேட்டதேயில்லை.

வாலுவுக்கு அன்று ஒரே ஒரு வரி வசனம். அதற்காக அவன் சட்டைக்குள் சிறிய மைக் ஒன்றை வைத்திருந்தார்கள். அதை அவன் மறந்துவிட்டான். மூன்றாவது டேக்கில் இது இருக்கிறது:

"இந்தா, இதைப் போடு. சீனி மாத்திரையை முழுங்கிட்டு எவ்ளோ நேரம் நடிக்கிறது? அந்த டைரக்டரு நிஜமாத் தெரியல, நிஜமாத் தெரியலன்னு உயிரை வாங்கறான்."

"ஏதுடா இது?"

"எங்க அம்மா கடைதான். ஒண்ணும் ஆகாது. நானும் ஒண்ணு போட்டிருக்கேன்."

கொஞ்ச நேரம் காலணிச் சத்தம். பிறகு அந்தப் பெண்.

"ஐயே, கசக்குதுடா."

"முழுங்கு, கேமரா வருது."

மொத்தம் பத்தொன்பது வினாடி. என்னிடமுள்ள படப் பிரதியில் இருவரும் முதுகு காட்டி நிற்கிறார்கள். அவளுக்கு எத்தனை கொடுத்தான் என்பது ஒலியில் இல்லை.

கோந்து அண்ணன் என்னோடு ஏழு படம் வேலை செய்தவர். சீனியையும் மாவையும் பிசைந்து பேனா மூடியால் அழுத்தி மாத்திரை செய்வார். அதில் வேறு எதுவும் இல்லை. உனக்கும் அது தெரிந்திருக்கிறது.

இதுவரை யாரும் ஒலியைக் கேட்கவில்லை. கேட்டால் கொடுப்பேன். கேட்காவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அவன் எதை எடுத்தான் என்று உன் கடையில் பார்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

பார்த்தேன். பூட்டிய அலமாரி பூட்டியபடி இருக்கிறது. பதிவேட்டில் ஒரு மாத்திரை குறையவில்லை. ஒரு மணி நேரம் கடவுளுக்கு நன்றி சொன்னேன். பிறகுதான் பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது.

உனக்குச் சொன்னதில்லை. யாருக்கும் சொன்னதில்லை. வலிக்காகப் பெரிய மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இறந்துபோனால், மீதியை வீட்டில் வைத்திருக்கப் பயந்து குடும்பத்தார் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் அதை எழுதி, அனுப்பி, அழிக்க வேண்டும். சட்டம் அப்படி. நான் அழிக்கவில்லை. அதே வலியில், ஒரு மாத்திரைப் பட்டை வாங்க வழியில்லாமல் சுவரைப் பிறாண்டிக்கொண்டு கிடக்கிறவர்கள் நாலு தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். டாக்டர் சீட்டு இருக்கும், பணம் இருக்காது. அவர்களுக்குக் கொடுப்பேன். அதெல்லாம் அந்த டின்னில்தான் இருக்கும்.

கொண்டுபோய்க் கொடுத்தது யார் தெரியுமா? வாலுதான். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து. போகிற வீட்டிலெல்லாம் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். "அம்மா, நீ குடுக்கறது அமிர்தம்மா" என்று வந்து சொல்வான். அவனுக்கு அது விஷம் என்று யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. அம்மா டின்னிலிருந்து வருவது நல்லது என்று நினைத்தான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

டின் காலி, அக்கா.

அந்தப் பத்தொன்பது வினாடியை அழித்துவிடு. ஒரு நாளைக்கு ஆயிரம் துண்டு வெட்டி எறிகிறவள் நீ. இதற்கு மட்டும் என்ன நீதி நியாயம்? அந்த அண்ணன் பெரியவர். வக்கீல் வைக்கலாம், சாட்சியில்லை என்று விட்டுவிடுவார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை உள்ளே போனால் என்னவாக வெளியே வருவான்?

நீ மேலே படிக்கப் போன வருஷம் அப்பா படுத்தார். ரெண்டு வருஷப் படிப்பு போதும் என்று நான் திரும்பி வந்தேன். அவருக்கு மலசலம் எடுத்தது நான், பட்டம் வாங்கியது நீ. இதுவரை சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்லிக்காட்டுகிறேன்.

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் தேதி போடுகிறவள் நீ. அதை எந்தத் தேதியில் கேட்டாய் என்று மட்டும் எழுதவில்லையே, ஏன்?

உனக்கென்று ஒன்று வயிற்றில் பிறந்திருந்தால் இப்படி டேக், வினாடி என்று எழுதியிருக்க மாட்டாய். இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

சின்னவள்


ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

பிப்ரவரி இருபதாம் தேதி கேட்டேன். அண்ணனைப் பிடித்தது இருபத்தேழாம் தேதி. நடுவில் ஏழு நாள். அந்த ஏழு நாளும் வேறு காட்சிகளை எடிட் செய்துகொண்டிருந்தேன். பிடித்த பிறகும் வேலைக்குப் போனேன். நீ கண்டுபிடித்தது சரி.

அப்பா விஷயத்தில் நீ சொன்னதும் சரி. வயிற்றில் பிறந்ததைப் பற்றி நீ எழுதிய வரியையும் நான் கிழிக்கவில்லை.

போன வாரம் அண்ணனைப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கையில் கோந்துக் கறை இல்லாமல் அவரை நான் பார்த்ததேயில்லை. கை வெளுத்துப் போயிருந்தது.

"என்னண்ணே, எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்மா. படத்துல நான் கட்டின ஜெயில் இதைவிட நல்லா இருந்துச்சு. இவங்க பெயின்ட்டைப் பாருங்க, ஒரே வெயில்ல உரிஞ்சுடும்."

"வக்கீல் என்ன சொல்றாரு?"

"ஒத்துக்கிட்டா கொஞ்சம் குறைப்பாங்களாம். கவனக்குறைவுன்னு எழுதிக்கலாம்கறாரு. நான் செஞ்ச மாத்திரையில சீனியைத் தவிர ஒண்ணும் கிடையாதும்மா. மிச்சத்தை மேசையிலயே விட்டுட்டு வந்தேன், எறும்பு தின்னுட்டுப் போயிருக்கும். இனி அந்த எறும்புங்கதான் வந்து சாட்சி சொல்லணும்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போகும்போது, "எடிட்டிங்ல ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்கம்மா, உங்க கண்ணுக்குத் தப்பாது" என்றார். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி என்று சொன்னேன், சின்னவளே. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

இந்த மாதிரிப் படங்களில் இது எனக்கு நான்காவது. எல்லாவற்றுக்கும் ஒரே எலும்புக்கூடு. எண்பது நிமிடம் விளக்கும் உடம்பும் ஆட்டமும், கடைசிப் பத்து நிமிடம் ஆஸ்பத்திரியும் அம்மாவின் அழுகையும். செலவில்லாமல் எடுக்கலாம், இளைஞர்கள் வந்து பார்ப்பார்கள். பார்த்தவர்கள் எண்பதைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் தெரியும். தெரிந்தே வாலுவைக் கூப்பிட்டேன். இப்போது டைரக்டர் படத்தை அந்தப் பெண்ணுக்குச் சமர்ப்பணம் செய்யப் போகிறாராம். "தானா வந்த விளம்பரம், வேண்டாம்னா சொல்ல முடியும்?" என்கிறார்.

அண்ணனுக்குக் கல்யாணமாக வேண்டிய பெண்கள் இருவர் என்று எழுதி உன்னை உருக்க நினைத்தேன். அப்படி யாரும் இல்லை. ஒரு மனைவி, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவ்வளவுதான். அவ்வளவு போதும்.

ஒலியை அழிக்க மாட்டேன். ஆனால் வாலு தானாகப் போய்ச் சொல்லட்டும். ஏப்ரல் 15 வரை காத்திருக்கிறேன். அவன் போனால் அண்ணனின் மனைவி மூலமாக எனக்குத் தெரிந்துவிடும். அதற்குள் நீ கடிதம் போட வேண்டாம். போட்டாலும் பிரிக்க மாட்டேன். நீ எழுதினால் இளகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். பதினைந்தாம் தேதிவரை அவன் போகாவிட்டால் நானே போவேன்.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

பிரிக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நீ பிரிப்பாய். ஓர் உறையைப் பிரிக்காமல் மேசையில் வைத்திருக்க உன்னால் முடியாது. சின்ன வயதில் என் பிறந்தநாள் பரிசையே நீதான் பிரிப்பாய்.

வாலு போகிறேன் என்கிறான்.

நான் சொல்லி அல்ல, அவனாகவே. எப்படியாவது வெளியூருக்கு அனுப்பிவிடலாம் என்று பையெல்லாம் கட்டி வைத்தேன். உன் கடிதத்தை ஒளித்து வைத்திருந்தேன், எடுத்துப் படித்துவிட்டான். எறும்பு சாட்சி சொல்லணும் என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டான். பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தான். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"அம்மா, அப்புறமா அவ ரெண்டு கேட்டா. நான் மூணு குடுத்தேன்."

"எதுக்குடா?"

"தாராளமாக் குடுக்கலாம்னு. நீ குடுக்கற மாதிரி."

எனக்கு அங்கேயே உயிர் போயிருக்க வேண்டும். போகவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

"நான் போய்ச் சொல்லிடறேம்மா. கோந்து அண்ணன் எனக்கு அட்டையில கிடார் பண்ணிக் குடுத்தவரு."

"டின்னைப் பத்திச் சொல்லிடு. அம்மாதான் வெச்சிருந்தா, நான் எடுத்தேன்னு சொல்லு" என்றேன். வேண்டாம், வெளியில் வாங்கினேன் என்று சொல்கிறேன் என்றான். "வெளில வாங்கினேன்னா உன்னை விக்கிறவன்னு எழுதுவாங்கடா" என்றேன். இதில்தான் இருவருக்கும் சண்டை. டின்னில் என்ன இருந்தது, யார் வீட்டிலிருந்து வந்தது, யாருக்குக் கொடுத்தேன், எல்லாவற்றையும் நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

வக்கீல் வெளியூரில் இருக்கிறார். பதினாறாம் தேதி வருகிறார். பதினேழு, வியாழக்கிழமை காலை, மூன்று பேருமாகப் போகிறோம். நீ பதினைந்து என்றாய். இரண்டே நாள் பொறுத்துக்கொள் அக்கா. அவனாகப் போனான் என்று இருக்கட்டும். அவனுக்கு மிஞ்சப்போவது அது ஒன்றுதான்.

இதைப் படித்ததும் எரித்துவிடு.

சின்னவள்


ஏப்ரல் 15

சின்னவளுக்கு,

இன்று காலை செய்துவிட்டேன். எழுதிவிட்டால் நீ வேறு யார் மூலமாகவும் கேட்க வேண்டியிருக்காது.

நேற்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போய், யாராவது வந்தார்களா, ஏதாவது தகவல் உண்டா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். இல்லை என்றார். இருபத்தொன்றாம் தேதி அண்ணன் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடப் போகிறாராம். "போட்டுட்டா சீக்கிரம் வந்துடுவாராம்மா" என்றார். இனிமேல் காத்திருக்க நியாயம் இல்லை என்று நினைத்தேன்.

காலையில் முதலில் அண்ணன் மனைவியிடமே போனேன். ஹெட்போனை அவர் காதில் மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்தேன். மூன்று தடவை கேட்டார். கசக்குதுடா என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பையன் யாரு?"

"என் தங்கச்சி மகன்."

"உங்களுக்கு இது எப்போ கிடைச்சுது?"

சொன்னேன். ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, என் கையில் கொடுத்தார்.

"ஒன்றரை மாசமா அவரு வீட்ல இல்லாம நான் எப்படி இருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா? தெரிஞ்சிருக்கும். அடிக்கடி வந்து விசாரிச்சீங்களே."

அங்கிருந்து விசாரணை அதிகாரியிடம் போனேன். வாங்கிக்கொள்ளவே அவருக்கு மனமில்லை. "அவரே ஒத்துக்கப் போறாரும்மா, நீங்க எதுக்கு அலையறீங்க?" என்றார். உட்கார்ந்துவிட்டேன். மதியம் ஒரு மணிக்கு மேல்தான் ஒலியைக் கேட்டார். கேட்ட பிறகு எழுந்து நின்றார்.

டின்னைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஒலி என் தொழிலில் கிடைத்தது. டின் நீ எனக்குச் சொன்னது.

உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி வந்தது. மேசைமேல் இருக்கிறது, பிரிக்கவில்லை. உன் கையெழுத்து உறையில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அழுதுகொண்டு எழுதினாய் என்று புரிந்தது. அதனால்தான் பிரிக்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 24

பதினாறாம் தேதி காலை எட்டு மணிக்கு வந்தார்கள். மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையை அவன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நானே வர்றதா இருந்தேன் சார்" என்றான்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க தம்பி. எங்களுக்குத்தான் அந்த நாளைக்கு வரவே மாட்டேங்குது" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

உன் மேசையில் கிடக்கிற கடிதத்தில் அதுதான் இருக்கிறது. பதினேழாம் தேதி அவனே போவதாக இருந்தான். இரண்டு நாள் கேட்டிருந்தேன். உன் காலில் விழுந்து அழுதிருக்கிறேன் என்று நினைத்தாயாக்கும். நான் அழவில்லை. ஓடுகிற பஸ்ஸில் எழுதினேன், அதனால் எழுத்து சாய்ந்தது.

உனக்குப் படிப்பு அதிகம். யாரைப் பார்த்தாலும் அடுத்து என்ன செய்வான் என்று உனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். உன்னை மிஞ்சி ஒருவன் நல்லவனாகிவிட முடியாது.

மிச்சத்தையும் கேள். கடையைச் சோதித்தார்கள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று வீராப்புப் பேசியவள் நான். அத்தனை பேர் அலமாரியைத் திறந்து, வாசலில் கூட்டம் கூடி நின்றபோது என் வாயிலிருந்து வந்தது வேறு. "என் பதிவேடு சரியா இருக்கு சார். பையன் அந்தப் பொண்ணுகிட்ட பெருமைக்கு அம்மா கடைன்னு சொல்லியிருப்பான்." அவன் பக்கத்தில்தான் நின்றான். என்னைப் பார்த்தான். பிறகு, "ஆமா சார், வெளிலதான் வாங்கினேன்" என்றான்.

யாரிடம் வாங்கினான் என்று இப்போது அவனைக் குடைகிறார்கள். சொல்ல ஆள் இல்லை. விற்கிற கூட்டத்தில் ஒருவன் என்று எழுதப் போகிறார்கள். தானாக வந்தவன் என்றால் ஒரு கணக்கு, பிடிபட்டு அதற்குமேல் பொய்யும் சொல்கிறவன் என்றால் வேறு கணக்கு என்கிறார் வக்கீல். எத்தனை வருஷ வித்தியாசம் என்று சொன்னார். அதை எழுத மாட்டேன்.

கோந்து அண்ணன் வெளியே வந்துவிட்டாராமே. நல்லது. அவருக்கு நல்லது நடந்ததில் எனக்குச் சந்தோஷம் வரவேண்டும் என்று தினமும் முயற்சி செய்கிறேன்.


மே 3

சின்னவளுக்கு,

உன் கடிதத்தில் இருப்பதை மறுக்க வரவில்லை. உன் உறையைப் பார்த்ததும், உள்ளே கெஞ்சல் இருக்கிறது என்று முடிவு செய்தேன். வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அதுதான் நான் செய்தது. கடமை, நியாயம் என்று முன்பு நான் எழுதியதெல்லாம் அதற்குப் போர்த்திய துணி.

படத்திலிருந்து விலகிவிட்டேன். டைரக்டர் அந்த ஒலியைக் கேட்டுவிட்டார். "பாட்டே வேணாம் மேடம், இதை அப்படியே வெச்சுடலாம். இதுக்கு மேல ஒரு நிஜம் கிடைக்குமா?" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அது நடிப்பில்லை, அவருக்கு உண்மையிலேயே உருக்கம்தான். வேறு எடிட்டரை வைத்துக்கொள்வார். நான் எழுந்து வந்ததால் எதுவும் நிற்காது.

இப்போது சொல்ல வந்தது இதுதான். உன் ஏப்ரல் 11 கடிதம் இன்னும் பிரிக்காமல் என்னிடம் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று நீ சொன்ன பிறகும் பிரிக்கவில்லை. முதலில் தைரியமில்லை. பிறகு வேறொன்று தோன்றியது. உறையின் மேல் தபால் முத்திரை இருக்கிறது. தேதி தெளிவாக விழுந்திருக்கிறது. ஒட்டிய இடம் ஒட்டியபடி இருக்கிறது. நான் ஒலியைக் கொடுப்பதற்கு நான்கு நாள் முன்னாலேயே அவன் போக முடிவு செய்துவிட்டான் என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

உன் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நீதிபதி முன்னால் பிரித்தால் அதற்கு மதிப்பு உண்டு என்கிறார். நானே பிரித்து எடுத்துக்கொண்டு போனால், நேற்று எழுதி உள்ளே வைத்தீர்களா என்று கேட்பார்களாம்.

பிரித்தால் முழுவதும் வாசிப்பார்கள். ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை வெட்ட முடியாது. டின்னைப் பற்றி அதில் எழுதினாயா? எழுதியிருந்தால் கடை போகும். நீ அதிகாரிகளிடம் சொன்ன பொய்யும் வெளியே வரும். வக்கீலிடம் இதைக் கேட்கவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

எழுதியவள் நீ. பிரிக்கச் சொன்னால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எரிக்கச் சொன்னால் எரித்துவிடுகிறேன், இந்த முறை உண்மையாகவே. ஏன் என்று கேட்க மாட்டேன்.

அக்கா


மே 10

அக்கா,

டின் அதில் இருக்கிறது. அதை வைத்திருந்தது நான், எடுத்தது அவன், எல்லாவற்றையும் நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன், எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. மூணு குடுத்தேன் என்று அவன் சொன்னதும் இருக்கிறது. எரித்துவிடு என்று கடைசியில் நான் எழுதியதும் இருக்கிறது. அதையும் வாசிக்கட்டும்.

நேற்றுக் கடையை மூடிவிட்டு அவனைப் பார்க்கப் போனேன். உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். "வேணாம்மா, கடை போயிடும்" என்றான். பொய் சொன்ன நாளிலிருந்து அவன் என்னிடம் கோபப்படவேயில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

பிரிக்கச் சொல்.

உறையை வக்கீல் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடு. அன்றைக்குக் கோர்ட்டுக்கு வராதே. அவனை நடத்திக் கூட்டிவரும்போது கூட்டத்தில் உன் முகம் தெரிந்தால், பெரியம்மா வந்திருக்காங்க என்று அவன் சிரித்துவிடுவான். அதை என்னால் பார்க்க முடியாது.

சின்னவள்